குளிக்கும் முன் சீப்பு

வீட்டில் பாரசீகப் பூனை வளர்க்கிறீர்களா? ஒரு தகவல். குளிப்பாட்டுவதற்கு முன்னால் அதைச் சீவிவிடுங்கள். குளித்த பிறகு அல்ல, முன்னால்.

முதலில் இந்தப் பூனையின் கதை. பியெத்ரோ தெல்லா வல்லே என்ற இத்தாலியப் பயணி, 17ஆம் நூற்றாண்டில் பாரசீகத்துக்குப் போனார். அங்கே பட்டுப்போல முடியுள்ள பூனைகளைக் கண்டு வியந்து எழுதினார். ஆனால் இன்று நாம் பார்க்கும் தட்டை முகம் பாரசீகம் தந்ததல்ல. பிற்பாடு மேல்நாட்டில், அழகு என்று நினைத்து மனிதர்கள் இனம் சேர்த்து உண்டாக்கியது. அந்த அழகுக்குப் பூனைதான் விலை கொடுக்கிறது. மூக்கு உள்ளே அமுங்கியதால் மூச்சு வாங்கும். கண்ணீர் வழியும். வெயில் தாங்காது.

முடிக்கு வருவோம். மேல்முடிக்கு அடியில் பஞ்சுபோல இன்னொரு அடுக்கு இருக்கிறது. அதுதான் சிக்காகும். காதுக்குப் பின்னால், கால் இடுக்கில், வயிற்றில் பாருங்கள். சிக்கோடு தண்ணீர் ஊற்றினால் அது இன்னும் இறுகிவிடும். பள்ளிக்குப் போகும் பெண்ணுக்கு எப்படித் தலை வாருவீர்கள்? நுனியிலிருந்துதானே? அப்படியே பூனைக்கும். தினமும் கொஞ்ச நேரம் போதும்.

சாதுவான பூனை இது. வலித்தாலும் பெரிதாகக் கத்தாது. அதனால் நீங்களே பார்த்துக்கொள்ள வேண்டும். சிக்கு கட்டியாகிவிட்டால் கத்தரிக்கோலை எடுக்காதீர்கள். தோல் மெல்லியது, கூடவே வெட்டுப்படும். கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோங்கள். கண்ணோரத்தைத் தினமும் ஈரப் பஞ்சால் துடையுங்கள். ஒரு கண்ணுக்கு ஒரு பஞ்சு.