அயல்நாட்டில் முதல் நாட்கள்

(மேற்படிப்பிற்காக வெளிநாடு செல்லும் நம் மஹல்லா மாணவர்களை வழியனுப்பும் கூட்டத்தில் ஆற்றிய உரையின் சுருக்கம்)

  

பிற்காலத்தில் நம் மதுரை வரை வந்து சென்ற இப்னு பதூதா, ஹிஜ்ரி 725இல் (கி.பி. 1325) தம் சொந்த ஊரான தன்ஜாவிலிருந்து தனியே புறப்பட்டபோது வயது இருபத்தொன்று. வழியில் காய்ச்சல் கண்டு, கீழே விழுந்துவிடாமலிருக்கத் தலைப்பாகைத் துணியால் தம்மைச் சேணத்தோடு கட்டிக்கொண்டு பயணம் செய்தார். அதற்கெல்லாம் அழாதவர் தூனிஸ் நகரில் அழுதார். கூட வந்தவர்களை ஊரார் எதிர்கொண்டு ஸலாம் கூறினர். இவருக்கு ஸலாம் சொல்ல ஒருவருமில்லை. ஹாஜி ஒருவர் அதைக் கவனித்து, அருகில் வந்து பேச்சுக் கொடுத்த பின்பே மனம் தேறினார்.

நம் மஹல்லாவிலிருந்து ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகருக்குப் படிக்கச் சென்ற பிள்ளை ஒருவர், முதல் மாத முடிவில் நம்மிடம் தொலைபேசியில் பேசினார். "ஹஜ்ரத், பயணத்தில்தானே இருக்கிறேன் என்று இதுவரை கஸ்ராகவே தொழுது வருகிறேன், சரிதானே?" என்றார். நாம் திடுக்கிட்டோம். ஓராண்டு தங்கும் நிய்யத்தோடு ஓர் ஊரில் இறங்கியவர் அங்கே முஸாஃபிர் அல்லர். ஹனஃபி மத்ஹபில் பதினைந்து நாள் தங்க நிய்யத்திருந்தாலே முழுமையாகத் தொழ வேண்டும். ஷாஃபிஈ மத்ஹபிலோ, வரும் நாளும் புறப்படும் நாளும் நீங்கலாக நான்கே நாட்கள்தாம். பிழையாகத் தொழுதவற்றைக் களாச் செய்யும் முறையைச் சொல்லிக் கொடுத்தோம். புறப்படும் முன் ஒரு சொல் கேட்டிருந்தால் தீர்ந்திருக்கும்! பெட்டியில் ஊறுகாய் வைக்க மறக்காத நாம் இதைச் சொல்ல மறந்துவிட்டோம்.

பிறந்தது முதல் மேற்கு நோக்கித் தொழுது பழகியவருக்கு அங்கே கிப்லா தென்கிழக்கு. டிசம்பரில் மாலை நான்கு மணிக்கு முன்பே மஃரிப். ஜூனில் இரவு பத்து மணி கடந்து மஃரிப். இவற்றுக்கெல்லாம் அட்டவணை உண்டு, கேட்டால் கிடைக்கும். ஆனால் அவர் கேட்கவில்லை. மூன்று ஜும்ஆக்களை விட்டுவிட்டு அறையிலேயே ளுஹர் தொழுதிருக்கிறார். பள்ளிவாசலின் தொலைவு காரணமன்று. உர்தூவும் தெரியாமல், ஆங்கிலமும் தயங்கும் நிலையில், யார் முகத்தைப் பார்ப்பது என்ற கூச்சமே காரணம். உம்மாவிடம் மட்டும் நாள்தோறும் "நன்றாகச் சாப்பிட்டேன்" என்று கூறிவந்தார். உண்டது ரொட்டியும் வாழைப்பழமும்.

நான்காவது வெள்ளியன்று போனார். செருப்பு வைக்குமிடத்தில் பாகிஸ்தானியப் பெரியவர் ஒருவர் ஸலாம் கூறி, "எந்த ஊர்?" என்று கேட்டிருக்கிறார். அவ்வளவுதான். ஹலால் இறைச்சிக் கடை, தொழுகை அட்டவணை, அறைத்தோழர் எல்லாம் அந்த ஒரு கேள்வியின் வழியே கிடைத்தன.

ஆகவே மாணவர்களே, இறங்கிய முதல் வெள்ளியே பள்ளிக்குச் செல்லுங்கள். ஸலாத்தை எதிர்பார்த்து நிற்காதீர்கள், நீங்களே முந்திக்கொள்ளுங்கள்.

ஜமாஅத்தார்களே, அந்தப் பிள்ளையிடம் பேசிய அன்று இஷாவிற்குப் பின் நாம் திரும்பிப் பார்த்தோம். கட்டட வேலைக்காகப் பீகாரிலிருந்து வந்த இளைஞர் ஒருவர் கடைசி ஸஃப்பில் அமர்ந்திருந்தார். எட்டு மாதங்களாக அதே இடத்தில் தொழுது வருகிறார். அவர் பெயர் என்னவென்று முஅத்தினிடம் கேட்டோம். அவருக்கும் தெரியவில்லை.