புள்ளிவிபர மென்பொருளும் புதிதாகக் கணனி பழகுவோரும்

(சங்கத்தின் மாணவர் கூட்டத்தில் நிகழ்த்தப்பெற்ற சொற்பொழிவு)



இன்று எனக்கு அளிக்கப்பட்ட பொருளைக் கேட்டவுடன் உங்களிற் சிலர் மெல்ல எழுந்து போக எண்ணியிருப்பீர்கள். புள்ளிவிபரவியல் என்றாலே பலருக்குத் தலையிடி. அதனோடு கணனியும் சேர்ந்துகொண்டால் சொல்லவேண்டியதில்லை. ஆயினும் நான் சூத்திரம் எதனையும் கரும்பலகையில் எழுதப்போவதில்லை. சூத்திரத்துக்கு முந்திய ஒரு சங்கதியைப் பற்றியே பேசப்போகிறேன். புள்ளிவிபரங்களைக் கணித்து வரைபடமாகக் காட்டும் மென்பொருளை ஒரு புதியவர் தம் கணனியில் நிறுவிக்கொள்வது எப்படி? அதனை இலகுவாக்கிக் கொடுக்கவேண்டியவர் யார்? இவ்வளவுதான் பொருள்.

இது சிறிய சங்கதி என்று தள்ளிவிட வேண்டாம். இறுதி ஆண்டில் ஆய்வுக்கட்டுரை எழுதும் மாணவர் ஒருவர் நூறு, இருநூறு பேரிடம் வினாக்கொத்தைக் கொடுத்து விடைகளைத் திரட்டிவிடுகிறார். அதன்பின் வழிதெரியாமல், காசு கொடுத்து வேறொருவரைக்கொண்டு கணிப்பிக்கிறார். அட்டவணைகள் அழகாக வந்து சேருகின்றன. பரீட்சகர், "இந்த எண் எப்படி வந்தது?" என்று கேட்கும்போது அட்டவணைக்கு உரியவர் வாய்மூடி நிற்கிறார். வெயிலில் வீடு வீடாகத் திரிந்து தாமே சேர்த்த தரவைப் பற்றித் தாமே பேசமுடியாத நிலை! அவர் கணக்கில் மந்தம் என்பது இதற்குக் காரணமன்று. பல வேளைகளில், மென்பொருள் அவருடைய கணனியில் ஒருநாளும் சரியாகத் திறக்கவில்லை என்பதுதான் காரணம்.

சிறிது வரலாறு சொல்லுகிறேன். 1968ஆம் ஆண்டில் அமெரிக்காவின் ஸ்ரான்பேட் பல்கலைக்கழகத்தில் நோர்மன் நை, ஹட்லாய் ஹல், டேல் பென்ற் என்னும் மூவர் சமூக விஞ்ஞானிகளுக்கென ஒரு மென்பொருளை ஆக்கினர். எஸ்.பி.எஸ்.எஸ். என்று இன்றும் வழங்குவது அதுவே. அக்காலத்திற் கணனி ஓர் அறையை நிரப்பி நின்ற யந்திரம்; துளையிட்ட அட்டைகளின் மூலமே அதற்குக் கட்டளை கொடுத்தனர். மென்பொருளை நிறுவுவது கணனி நிலையத்தாரின் வேலை. ஆராய்ச்சியாளர் அட்டைக்கட்டைக் கையளித்துவிட்டு விடைத்தாளுக்குக் காத்திருந்தாற் போதும். பின்னர் கணனி மேசைக்கும் மடிக்கும் வந்தபோது, நிறுவும் வேலையும் அதனோடு கூடவே வந்து நம் தலையில் ஏறிக்கொண்டது. ஆனால் அந்த வேலையைக் கற்பிக்க மட்டும் ஒருவரும் வரவில்லை.

எஸ்.பி.எஸ்.எஸ். 2009இல் ஐ.பி.எம். நிறுவனத்தின் கைக்குப் போயிற்று. நல்ல மென்பொருளே, ஆனால் விலைக்குரியது, தனி மாணவர் ஒருவர் எளிதிற் கொடுக்கக்கூடிய விலையுமன்று. ஆகவே களவுப் பிரதிகள் கைமாறுகின்றன. அவற்றோடு வைரசுகளும் கைமாறுகின்றன.

விலையின்றிக் கிடைப்பது 'ஆர்' என்னும் கணனி மொழி. நியூசிலாந்தின் ஒக்லாந்துப் பல்கலைக்கழகத்தில் றொஸ் இஹாக்கா, றொபேட் ஜென்ரில்மன் என்னும் இருவர் ஆக்கியது அது. அமெரிக்காவின் பெல் ஆய்வுகூடத்தில் 1976இல் தோன்றிய 'எஸ்' என்னும் மொழியின் வழிவந்தது. 1993இல் அறிவிக்கப்பட்டு, 1995இல் எவரும் எடுக்கலாம், திருத்தலாம், பிறருக்குக் கொடுக்கலாம் என்னும் பொது உரிமத்தின்கீழ் வெளியாயிற்று. முதலாம் முழுப் பதிப்பு வெளிவந்த நாள் 2000 பெப்ரவரி 29. (பிறந்தநாளை நான்கு வருடத்துக்கு ஒருமுறை கொண்டாடும் மென்பொருள் வேறொன்று உண்டோ!) ஆயின் ஆர் திறந்தவுடன் நாம் காண்பது ஒரு வெறும் யன்னலும் அதில் மின்னும் ஒரு சிறு கோடுமே. கட்டளையை நாமே எழுதவேண்டும். பழகியவருக்கு அது பெரிய சுதந்திரம். புதியவருக்கோ பூட்டிய கதவு.

இந்தக் கதவைத் திறக்க முயன்றவர்களில் ஒருவர் கனடாவின் மக்மாஸ்டர் பல்கலைக்கழகத்துச் சமூகவியற் பேராசிரியர் யோன் பொக்ஸ். மாணவருக்கு அடிப்படைப் புள்ளிவிபரவியல் கற்பிப்பதை மனத்திற் கொண்டு 'ஆர் கொமாண்டர்' என்பதை ஆக்கி, அதைப் பற்றி 2005இல் ஒரு கட்டுரையும் வெளியிட்டார். இதிலே கட்டளையை எழுதவேண்டியதில்லை. மேலே உள்ள பட்டியலிற் சுட்டி, வேண்டிய கணிப்பையோ வரைபடத்தையோ தெரிந்துகொள்ளலாம். அவ்வாறு தெரியும்போது அதற்குரிய ஆர் கட்டளை இன்னதென்று இன்னொரு பகுதியில் எழுதியும் காட்டும். கையைப் பிடித்து நடத்திக்கொண்டே நடக்கவும் பழக்கும் ஆசிரியரைப் போன்றது. இந்த ஒரு குணத்துக்காகவே அதனை நான் மதிக்கிறேன்.

ஆனால் அந்த ஆசிரியரிடம் போய்ச் சேரும் வழியைப் பாருங்கள். விண்டோஸ் கணனி வைத்திருக்கும் புதியவர் ஒருவரைப் பின்தொடர்வோம். முதலில் ஆரை இறக்கிப் பதிக்கிறார். இடையில் ஒரு கேள்வி: தொடக்க அமைப்புகளை மாற்ற விரும்புகிறீரா? புதியவர் இயல்பாகவே "இல்லை" என்கிறார். அந்த "இல்லை" யின் பயனாக, ஆரின் யன்னல்கள் யாவும் ஒரு பெரிய யன்னலுக்குள் அடங்கும் முறை அமைந்துவிடுகிறது. ஆர் கொமாண்டருக்கு உகந்ததோ யன்னல்கள் தனித்தனியே நிற்கும் முறை. இதை அறிய அவருக்கு வழியே இல்லை. அடுத்து, பொதியைக் கொணரவேண்டும். எந்த நாட்டிலுள்ள கண்ணாடிப் பிரதியிலிருந்து என்று கேட்டு நாடுகளின் நீண்ட பட்டியலொன்று வருகிறது. உண்மையில் எதைத் தெரிந்தாலும் அதே பொதிதான் வரும். புதியவரோ அதை அறியாது திகைக்கிறார். பின்னர் பொதிகளின் பட்டியல்: 20,000க்கு மேற்பட்ட பெயர்கள்! அவற்றுள் ஒன்றைத் தேடவேண்டும். தேடி எடுத்தபின், "இந்த இடத்தில் எழுத அனுமதியில்லை, உமக்கென ஒரு தனி நூலகம் அமைக்கட்டுமா?" என்று கணனி வினவுகிறது. நூலகமா? புத்தகம் வைக்கும் நூலகத்தைத்தான் அவர் அறிவார். ஆம் என்கிறார். பற்பல துணைப் பொதிகள் வந்து இறங்குகின்றன. இப்பொழுது பொதியை அழைக்கவேண்டும். அதற்கு வழக்கமாகக் கட்டளையையே எழுதச் சொல்வார்கள். கட்டளை எழுதாமலிருப்பதற்கென வந்தவருக்கு முதலில் வைக்கும் சோதனையே கட்டளை எழுதுவது! அதிலும் பெயரின் முதலெழுத்துப் பெரிதாகவும் ஏனைய எழுத்துக்கள் சிறிதாகவும் இருக்கவேண்டும். ஓரெழுத்துப் பிசகினாலும் அப்படியொரு பொதி இல்லையென்று விடை வரும். சரியாக எழுதினாலும், இன்னும் சில பொதிகள் குறைகின்றன, கொணரட்டுமா என்று மேலும் ஒரு கேள்வி. மக் கணனி வைத்திருப்பவருக்கு இவற்றோடு எக்ஸ்குவாற்ஸ் என்னும் இன்னொரு மென்பொருளும் வேண்டும்.

ஒவ்வொன்றும் சிறு படிதான். விடயம் அறிந்தவர் பத்து நிமிடத்திற் கடந்துவிடுவார். ஆனால் இக்கேள்விகளில் ஒன்றாவது புள்ளிவிபரவியலைச் சேர்ந்ததா என்று எண்ணிப் பாருங்கள்.

தமிழருக்கென்றே அமைந்த தடையொன்றும் நெடுங்காலம் இருந்தது. எழுத்துக்களைக் கணனி எண்களாகவே நினைவில் வைக்கிறது. பழைய விண்டோஸ் முறையில் மேற்கு ஐரோப்பிய மொழிகளுக்கு ஓர் எண் அட்டவணை, உருசிய மொழிக்கு ஓர் அட்டவணை என்று தனித்தனியே இருந்தன. தமிழுக்கு அவ்வாறான அட்டவணை இருக்கவில்லை. எல்லா மொழிகளுக்கும் பொதுவான யூனிகோட் முறையிலேதான் தமிழுக்கு இடம் கிடைத்தது. விண்டோசில் ஆர் பழைய அட்டவணைகளையே நம்பியிருந்தது. ஆகவே ஒருவர் தம் கணனிக் கணக்குக்குத் தமிழிற் பெயரிட்டால், அவருடைய கோப்புறையின் பெயரும் தமிழில் அமையும். அங்கே பொதிகளை வைக்க முயன்று ஆர் தடுமாறும். தம் பெயரைத் தாய்மொழியில் எழுதியதே குற்றமாய் முடிந்தது! 2022 ஏப்ரலில் வந்த 4.2.0 பதிப்பில் ஆர், விண்டோசிலும் யூனிகோட் முறைக்கு மாறியது. புதிய விண்டோஸ் உள்ள கணனிகளில் இத்தொல்லை பெரும்பாலும் நீங்கிற்று. பழைய கணனியோடு மல்லாடுவோர் கணக்கின் பெயரை ஆங்கில எழுத்தில் வைத்துக்கொள்வதே இன்னமும் நன்று.

இனி வேறொரு வழியைச் சொல்லுகிறேன். ஒல்லாந்தின் அம்ஸ்டர்டாம் பல்கலைக்கழகத்தில் 'ஜாஸ்ப்' என்னும் இலவச மென்பொருள் உருவாயிற்று. அதில் உழைத்தவர்கள் சிலர் பிரிந்து வந்து 2017இல் 'ஜமோவி' என்பதைத் தொடங்கினர். இவற்றின் சிறப்பு யாதெனின், ஜமோவி ஆரைத் தன் வயிற்றுக்குள்ளேயே வைத்துக்கொண்டு வருகிறது. ஒரே கோப்பு, அதை இருமுறை அழுத்தினாற் போதும். கண்ணாடிப் பிரதி இல்லை, நூலகம் இல்லை, பெரிய எழுத்துச் சிறிய எழுத்து இல்லை. இடப்புறத்தில் தரவு, வலப்புறத்தில் விடை. ஆர் கட்டளையைக் காணவிரும்புவோர் அதையும் காட்டும்படி கேட்கலாம்.

இதற்கு விலை இல்லாமலில்லை. கோப்புப் பருமனானது, ஆர் மட்டுமெனில் ஏறக்குறைய 80 மெகாபைட்டு, ஜமோவியோ சில நூறு. உள்ளே இருக்கும் ஆரும் சற்றுப் பழைய பதிப்பாயிருக்கலாம். ஆர் வழியே செய்யக்கூடிய அனைத்தையும் இதிற் செய்யவும் முடியாது. எனினும் முதன்முதல் கற்பவருக்கு இதுவே தக்கதென்பது என் துணிபு. வன்தட்டில் இடம் மலிவு. புதியவரின் பொறுமை மலிவன்று. ஆர் கொமாண்டரை இரண்டாம் ஆண்டுக்கு வைத்துக்கொள்ளலாம்.

"கஷ்டப்பட்டாற்றானே படிப்பு வரும், எல்லாவற்றையும் வாயில் ஊட்டிவிடுவதா?" என்று மூத்தவர்கள் கேட்பதுண்டு. எதிற் கஷ்டப்படுவது என்பதல்லவா கேள்வி? நாடுகளின் பட்டியலைப் பார்த்து அரை நாள் திகைப்பதால் நியம விலகல் விளங்கிவிடாது.

வேறொரு ஆட்சேபம் இதைவிடக் கனமானது. இலகுவான மென்பொருளால் இலகுவாகப் பிழைவிடலாம் என்பது. உண்மைதான். இரத்தவகைகளுக்கு 1, 2, 3, 4 என்று எண் கொடுத்து, அவற்றின் இடையைக் கணிக்கச் சொன்னால் கணனி தயங்காமல் 2.3 என்று சொல்லும். 2.3 என்னும் இரத்தம் எவர் உடம்பிலும் ஓடவில்லை! ஜமோவி ஒவ்வொரு மாறியின் தலையிலும் ஒரு சின்னத்தை வைத்து, இது வெறும் பெயரா, வரிசையா, அளவா என்று காட்டுகிறது. அதைக் கவனிக்கப் பழக்குவது ஆசிரியரின் வேலை. பிழைவிடுவார்கள் என்று அஞ்சி வாசலிற் கல்லை அடுக்கிவைத்தால், கட்டளை எழுதத் தெரிந்தவரும் அதே பிழையை உள்ளே இருந்து செய்வார்.

பிறருக்காக இதனை ஒழுங்குசெய்ய முன்வரும் நம் சங்க இளைஞருக்குச் சில சொல்லவேண்டும். இருபது பேர் ஓர் அறையில் அமர்ந்து ஒரே இணைப்பில் ஆரை இறக்க முயன்றால் அது 1,600 மெகாபைட்டு. அன்றைய வகுப்பு அத்தோடு முடிந்தது. ஆகையால் முதல்நாளே யாவற்றையும் ஒரு பென் டிரைவில் இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். ஆர் கொமாண்டர்தான் வேண்டுமென்றால் ஆரையும் பொதிகளையும் ஒரே நாளில் திரட்டுங்கள், 4.3 வரிசைக்கென ஆக்கிய பொதி 4.4 வரிசைக்குப் பொருந்துமென்று உறுதியில்லை. பொதிகளை இணையமின்றிக் கோப்பிலிருந்தே பதிக்கவும் ஆரில் வழியுண்டு.

அதிலும் முக்கியமானது சோதித்துப் பார்ப்பது. உங்கள் கணனியிற் சோதிப்பதாற் பயனில்லை. அங்கே தேவையான யாவும் ஏற்கெனவே இருக்கின்றன. ஒன்றுமே பதியாத கணனியொன்றைத் தேடுங்கள். கிடையாவிடின் புதிய கணக்கொன்றையாவது திறந்து பாருங்கள். பின்னர் கணனி அதிகம் பழகாத ஒருவரை, உங்கள் தாயாரையோ தங்கையையோ, அதன் முன் இருத்தி, நீங்கள் எழுதிய ஒரு பக்க வழிகாட்டியை மட்டும் கொடுத்துவிட்டு வாய் திறவாமற் பக்கத்தில் இருங்கள். வாய் திறவாமலிருப்பதுதான் கடினம். அவர் எங்கே கையை நிறுத்துகிறாரோ அந்த இடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். தாளில் அங்கேதான் திருத்தம் வேண்டும். மென்பொருளின் பதிப்பு எண்ணையும் திகதியையும் தாளின் மூலையிற் போட மறவாதீர்கள். ஆறு மாதத்திற் படங்கள் மாறிவிடும்.

வழிகாட்டியின் கடைசி வரி "நிறுவல் முடிந்தது" என்று இருக்கக்கூடாது; ஒரு வரைபடத்தில் முடியவேண்டும். ஜமோவியோடு வரும் மாதிரித் தரவுகளில் 60 கினிப்பன்றிகளின் பல்வளர்ச்சியைப் பற்றிய ஒன்று உண்டு. உயிர்ச்சத்து சீயைச் சிலவற்றுக்குத் தோடம்பழச் சாறாகவும் சிலவற்றுக்குத் தனி மருந்தாகவும் நாளொன்றுக்கு அரை, ஒன்று, இரண்டு மில்லிகிராம் வீதம் கொடுத்துப் பார்த்திருக்கிறார்கள். அதைத் திறந்து பெட்டி வரைபு கேட்டால், குறைந்த அளவுகளிற் பழச்சாறு முந்தி நிற்பதும், இரண்டு மில்லிகிராமில் அந்த வேறுபாடு மறைந்துவிடுவதும் சூத்திரம் அறியாதவர் கண்ணுக்கும் தெரியும். அதைப் பார்த்தவர் தம் வினாக்கொத்துக் கோப்பைத் திறக்கக் கேட்பார், நாம் சொல்லவேண்டியதில்லை.

அந்த ஒரு பக்க வழிகாட்டியைத் தமிழில் எழுதிப் பிரதிசெய்து வாயில் மேசையில் வைத்திருக்கிறேன். பென் டிரைவும் அங்கேயே உண்டு. மடிக்கணனி கொண்டுவந்தவர்கள் தேநீருக்குப் பின் இருக்கலாம், நானும் இருப்பேன்.