மேற்பார்வையாளரும் ஊதிய வரம்பும்
(திருவனந்தபுரத்தில் ஆற்றிய உரையின் சுருக்கம்)

பணிநீக்கத்தை எதிர்த்துத் தொழில் தீர்ப்பாயத்தை நாடும் ஒருவர், சட்டத்தின் பொருளில் தாம் ‘தொழிலாளி’ என்பதை முதலில் நிலைநாட்ட வேண்டும். உடலுழைப்பு, தொழில்நுட்பம், எழுத்தர் பணி ஆகியவற்றில் ஈடுபட்டோருக்கு ஊதிய வரம்பு கிடையாது. இலட்ச ரூபாய் பெறும் பொறியாளரும் தொழிலாளியாக இருக்கக்கூடும். நிர்வாகப் பொறுப்பினர் அடியோடு விலக்கப்பட்டவர். வரம்பு மேற்பார்வையாளருக்கு மட்டுமே உரியது. இதனை அலுவலர்களே சில வேளை மறந்துவிடுகின்றனர்.

1947ஆம் ஆண்டின் தொழில் தகராறுச் சட்டத்தில், 1956ஆம் ஆண்டுத் திருத்தம் இவ்வரம்பை 500 ரூபாய் என வகுத்தது. 1984இல் அது 1,600 ஆயிற்று. 2010இல் 10,000 ஆயிற்று. 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்த தொழில் உறவுகள் தொகுப்புச் சட்டத்தில் அது 18,000. ஒவ்வோர் உயர்வுக்கும் இடையே விலைவாசி ஏறியது, வரம்பு அசையவில்லை. 2009இல் 1,600 ரூபாய்க்குள் ஊதியம் பெற்ற மேற்பார்வையாளர் ஒருவரேனும் இருந்திருப்பாரா என்பது ஐயமே. பதவி உயராமலே, வாழ்க்கைத்தரம் உயராமலே, அவர்கள் பாதுகாப்பை இழந்தனர்.

இழப்பு சிறிதன்று. தண்டனை மிகையென்று கண்டால் அதனைக் குறைக்கவும், மீண்டும் பணியில் அமர்த்தவும் 1971இல் தீர்ப்பாயங்களுக்கு அதிகாரம் வழங்கப்பட்டது. புதிய தொகுப்பிலும் அது தொடர்கிறது. தனியார் நிறுவன ஊழியர் உரிமையியல் நீதிமன்றம் சென்றால், பொதுவாக இழப்பீடு மட்டுமே பெறலாம்; வேலை திரும்பக் கிடைப்பதில்லை.

திருவனந்தபுரம் கழக்கூட்டத்தில் 1990இல் தொடங்கப்பட்ட டெக்னோபார்க் போன்ற இடங்களில் இவ்வினா சிக்கலாகிறது. ‘குழுத் தலைவர்’ எனப் பெயர் பெற்றவர் நாள் முழுவதும் நிரல் எழுதுபவராக இருக்கலாம். பதவிப் பெயரைவிட முதன்மையான பணி எது என்பதையே நோக்க வேண்டும் என்று ஆனந்த பஜார் பத்திரிகா வழக்கில் உச்ச நீதிமன்றம் கூறியது, ஈண்டு கருதத்தக்கது.

ஊதியத்தைக் கணக்கிடும் முறையும் மாறியுள்ளது. வீட்டு வாடகைப் படி போன்றவை இப்போது விலக்கப்படுகின்றன. ஆயின் அவ்விலக்கு மொத்தத்தில் பாதிக்கு மேற்படலாகாது. எனவே, கையில் 30,000 ரூபாய் பெறும் மேற்பார்வையாளரும், அடிப்படை ஊதியமும் அகவிலைப்படியும் 15,000 எனில், வரம்புக்குள் வருவார். 40,000 பெறுபவர் எவ்வாறாயினும் வெளியே நிற்பார்.

ஆஸ்திரேலியாவிலும் வருமான வரம்பு உண்டு. அது ஆண்டுதோறும் ஜூலை முதல் நாள் திருத்தப்படுகிறது. இந்தியாவில் முன்பு ஒவ்வோர் உயர்வுக்கும் நாடாளுமன்றம் சட்டத்தைத் திருத்த வேண்டியிருந்தது. இனி மத்திய அரசின் அறிவிக்கை ஒன்றே போதும். எத்தனை ஆண்டுக்கு ஒருமுறை அதனை வெளியிட வேண்டும் என்பது மட்டும் தொகுப்பில் சொல்லப்படவில்லை.