முப்பதில் ஐந்து: புதுச்சேரியின் கட்சிமுறையும் நம் வாக்கும்



அண்ணல் அம்பேத்கரின் நினைவுநாளை ஒட்டிக் கூடியிருக்கிறோம். 1949 நவம்பர் 25 அன்று அரசியல் நிர்ணய சபையில் அவர் இரண்டு எச்சரிக்கைகளை விடுத்தார். வாக்கில் சமத்துவமும் வாழ்வில் சமத்துவமின்மையுமாக ஒரு முரண்பாட்டுக்குள் நுழைகிறோம் என்பது ஒன்று. அரசியலில் தனிமனித பக்தி சர்வாதிகாரத்துக்கு இட்டுச்செல்லும் என்பது மற்றொன்று. இந்த இரண்டையும் கையில் வைத்துக்கொண்டு நம் ஊரைப் பார்க்க வேண்டும். ஜனநாயகத்தில் கட்சிகள் எப்படி உருவாகின்றன, எப்போது மாறுகின்றன, அந்த மாற்றங்களில் நாம் எங்கே நின்றோம்? இதுதான் இன்றைய உரையின் கேள்வி.

சமூகவியல் மாணவர்கள் லிப்செட், ரொக்கான் என்ற இரண்டு பெயர்களைப் படித்திருப்பீர்கள். 1967-இல் அவர்கள் சொன்னது இது: ஐரோப்பியக் கட்சிகள் சமூகத்தின் பெரும் பிளவுகளிலிருந்து முளைத்தன. மையமும் விளிம்பும், திருச்சபையும் அரசும், நிலமும் தொழிலும், முதலாளியும் தொழிலாளியும் என நான்கு பிளவுகள். பிரிட்டனில் 1918-இல் எல்லா ஆண் தொழிலாளர்களுக்கும் வாக்கு கிடைத்தது. 1924-இல் தொழிற்கட்சி முதன்முறையாக ஆட்சியில் அமர்ந்தது. ஆறே ஆண்டில் இது நடக்கக் காரணம், வாக்கு வருவதற்கு முன்பே அவர்களிடம் தொழிற்சங்கம் இருந்தது. வாக்கும் அமைப்பும் சேர்ந்தபோது கட்சிமுறையே மாறியது. நமக்கு வாக்கு வந்தது, அமைப்பு வந்ததா?

புதுச்சேரியில் தேர்தல் 1954-க்குப் பிறகு வந்தது என்று பலர் நினைக்கிறார்கள். 1871-இலேயே பாரிஸ் நாடாளுமன்றத்துக்கு இங்கிருந்து உறுப்பினர் தேர்ந்தெடுக்கப்பட்டார். பிரிட்டிஷ் இந்தியாவில் சாமானியருக்கு வாக்கே இல்லாத காலம் அது. ஆனால் வாக்கை ஆண்டவர்கள் ஊர்ப் பெரியவர்கள். சாதி இந்துக்களின் தலைவராக எழுந்த சண்முக வேலாயுத முதலியார் பல ஆண்டுகள் தேர்தல்களைத் தன் பிடியில் வைத்திருந்தார். வாக்குப்பெட்டியில் மோசடியும் தெருவில் அடிதடியும் அக்காலத் தேர்தலின் வழக்கம்.

அதே காலத்தில் நமக்கு முக்கியமான இன்னொன்று நடந்தது. 1881 செப்டம்பர் 21-இல் ஓர் ஆணை வந்தது. சாதி, மத வழக்கப்படியான தனிச்சட்டத்தைத் துறந்து, குடும்பப்பெயர் ஒன்றை ஏற்று, பிரெஞ்சுக் குடிமைச் சட்டத்தின்கீழ் வர எவரும் கையெழுத்திடலாம். இவர்களை ரெனோன்சான் என்றார்கள். பொன்னுத்தம்பி பிள்ளை போன்ற வேளாளக் கிறித்தவர்கள் இதற்குத் தலைமை தாங்கினாலும், கையெழுத்திட்டவர்களில் சேரிகளிலிருந்து வந்தவர்கள் ஏராளம். சாதியை விட்டு வெளியேற ஒரு சட்டக் கதவு திறந்தபோது நம் முன்னோர் அதன் வழியே நடந்தார்கள். 1884-இல் வாக்காளர் பட்டியல் மூன்றானது: ஐரோப்பியர், ரெனோன்சான், மற்ற இந்தியர். எண்ணிக்கையில் சிறிய ரெனோன்சான் பட்டியலின் கையில் இரு பக்கத்துக்கும் நடுவே தராசுமுள்ளாகும் வாய்ப்பு இருந்தது. 1899-இல் அந்தத் தனிப்பட்டியல் எடுக்கப்பட்டது. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகுதான் எல்லோருக்கும் ஒரே பட்டியல் வந்தது. யார், எந்தப் பட்டியலில், எப்படி எண்ணப்படுகிறார் என்பதை மாற்றினால் கட்சிகளின் பலம் மாறுகிறது. அந்த விதியை எழுதும் கை பாரிஸில் இருந்தது. இன்று டெல்லியில் இருக்கிறது.

ஒரே ஒருமுறை நம் ஊரில் கட்சி கீழிருந்து முளைத்தது. 1936 ஜூலை 30-இல் சவானா ஆலைத் தொழிலாளர்கள்மீது பிரெஞ்சுப் படை சுட்டதில் 12 பேர் மாண்டார்கள். அடுத்த ஆண்டு எட்டுமணி நேர வேலை சட்டமானது. அந்தப் போராட்டத்தின் தலைவர் வ.சுப்பையா, அதற்குமுன் அரிசன சேவா சங்கப் பணியில் ஈடுபட்டவர். சங்கத்திலிருந்து கட்சி வந்தது. 1946 தேர்தலில் அவரது தேசிய ஜனநாயக முன்னணி வென்றது. இங்கே நிஜமான ஒரு பிளவு கட்சியாக உருவெடுத்தது. ஆனால் ஆலை வாசலில் தோழர் என்று அழைக்கப்பட்டவர் மாலையில் சேரிக்குத்தான் திரும்பினார். கூலியைப் பேசிய சங்கம், குளத்தையும் சுடுகாட்டையும் அதே வேகத்தில் பேசவில்லை. 2020-இல் ஏ.எஃப்.டி. ஆலையும் மூடப்பட்டது. அந்தக் கட்சிமுறை நின்ற தரையே போய்விட்டது.

அதன்பின் நடந்ததெல்லாம் மேலிருந்து வந்த மாற்றங்கள். எதுவார் குபேரின் சோஷலிஸ்ட் கட்சி பிரான்சோடு நின்றது. 1954 மார்ச்சில் இந்தியா பக்கம் திரும்பியது. அந்த அக்டோபர் 18-இல் கீழூரில் வாக்களித்தவர்கள் 178 உறுப்பினர்கள். 170 பேர் இணைப்புக்கு ஆதரவு. மக்கள் வாக்களிக்கவில்லை. 1963-இல் சட்டப்பேரவை வந்தபோது அதே குபேர்தான் காங்கிரசின் முதலமைச்சர். அடுத்து வந்தவர் வெங்கடசுப்பா ரெட்டியார். 1969-இல் தி.மு.க.வின் பரூக், கம்யூனிஸ்டுகளோடு கூட்டணி ஆட்சி அமைத்தார். பின்னாளில் அவரே காங்கிரஸ் முதலமைச்சர். தமிழ்நாட்டில் அ.தி.மு.க. ஆட்சிக்கு வருவதற்கு மூன்றாண்டு முன்பே, 1974-இல், இங்கே ராமசாமி தலைமையில் ஆட்சி அமைத்து, அந்த மாதமே கவிழ்ந்தது. காங்கிரஸ் முதலமைச்சராக இருந்த ரங்கசாமி 2011 பிப்ரவரியில் தனிக்கட்சி தொடங்கி, சில மாதங்களிலேயே 30-இல் 15 இடங்களை வென்றார். 2016-இல் ஓரிடம்கூட வெல்லாத பா.ஜ.க., 2021-இல் 6 இடம் பிடித்தது. அதற்குமுன் காங்கிரஸ் அமைச்சர்களும் உறுப்பினர்களும் அணி மாறியிருந்தார்கள்.

தோழர்களே, இதைக் கட்சிமுறை மாற்றம் என்று சொல்லலாமா? ஒரு தொகுதிக்கு முப்பதாயிரம் சொச்சம் வாக்காளர்கள். காதுகுத்து, கருமாதி, கோயில் கும்பாபிஷேகம், மருத்துவச் செலவு என்று கையைத் திறந்து வைத்திருக்கும் ஒருவர் கட்சியில்லாமலே ஜெயிக்கலாம். 2021-இல் 6 சுயேச்சைகள் வென்றார்கள். கட்சி அவருக்குச் சட்டை, அதை மாற்றிக்கொள்கிறார். உள்ளே இருக்கும் சாதியும் நிலமும் பணமும் மாறுவதில்லை.

இப்போது நம் கணக்கு. 2011 கணக்கெடுப்பில் புதுச்சேரியில் பட்டியல் சாதியினர் 15.7 விழுக்காடு. பேரவையின் 30 இடங்களில் தனித்தொகுதிகள் 5: திருபுவனை, ஊசுடு, ஏம்பலம், நெட்டப்பாக்கம், நெடுங்காடு. ஆறில் ஒரு பங்கு. பதினாறு பேர் இருந்தால் ஆட்சி என்னும் அவையில், ஐந்து பேர் சேர்ந்து நின்றால் எந்த அரசையும் உட்கார வைக்கலாம், எழுப்பலாம். 2021-இல் என்.ஆர்.காங்கிரசும் பா.ஜ.க.வும் வென்றவை 10-ம் 6-மாக 16 இடங்கள். அந்தப் பதினாறில் நான்கு தனித்தொகுதிகள். நால்வரையும் எடுத்துவிட்டால் மிச்சம் 12.

ஆனால் நடந்தது என்ன? அந்த அமைச்சரவையில் தனித்தொகுதியிலிருந்து வந்தவர்கள் இருவர். நெடுங்காட்டின் சந்திர பிரியங்கா 2023 அக்டோபரில் விலகினார். சாதியும் பாலினமும் தன்னைத் தாக்கியதாக அவர் கடிதம் சொன்னது. ஊசுட்டின் சாய் சரவணன் குமார் 2025 ஜூனில் விலகினார். இருவரின் இடத்துக்கும் பொதுத்தொகுதி உறுப்பினர்களே வந்தார்கள். அரசு அசையவில்லை.

ஏன்? தனித்தொகுதியில் நிற்பவர் நம்மவர். அவரை வெல்ல வைப்பது ஊர்த்தெரு வாக்கு. அவருக்குச் சீட்டுக் கொடுப்பது கட்சித் தலைமை. 1932 பூனா ஒப்பந்தத்தின் விளைவாக அண்ணல் கண்டதும் இதுவே. பிரெஞ்சு ஆட்சியில் இருந்ததால் அந்த ஒப்பந்தம் நம் ஊருக்குப் பொருந்தவில்லை. அதன் கூட்டுத்தொகுதி முறை மட்டும் இணைப்புக்குப் பின் வந்து சேர்ந்தது. போதாததற்கு, 1963 சட்டம் மூன்று பேர் வரை நியமிக்க மத்திய அரசுக்கு அதிகாரம் தருகிறது. அவர்களும் வாக்களிக்கலாம் என்று 2018-இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அந்த நியமனத்தில் நமக்கு இடஒதுக்கீடு கிடையாது. ஐந்தின் எடையை அந்த மூன்று குறைக்கிறது.

இதற்கு மாற்று உண்டா? கன்ஷிராம் 1978-இல் அரசு ஊழியர்களை பாம்செஃப் ஆகத் திரட்டினார். கட்சி 1984-இல்தான் வந்தது. 2007-இல் உத்தரப் பிரதேசத்தில் மாயாவதி தனிப்பெரும்பான்மை பெற்றார். அமைப்பு முன்னே, கட்சி பின்னே. அதே கட்சி 2022-இல் ஓரிடத்தில் நின்றது. தலைவருக்கும் தெருவுக்கும் நடுவிலிருந்த அமைப்பு கரைந்தால் கட்சியும் கரைகிறது; பக்தி மட்டும் மிஞ்சுகிறது.

நம் ஊரில் அந்த அமைப்புக்கான பள்ளிக்கூடம் உள்ளாட்சி. 1968-க்குப் பிறகு 38 ஆண்டுகள் கழித்து 2006-இல் உள்ளாட்சித் தேர்தல் நடந்தது. பதவிக்காலம் 2011-இல் முடிந்தது. அதன்பின் தேர்தலே இல்லை. யார் ஆட்சியில் இருந்தாலும் இதில் ஒரே கட்சிதான். காரணம் எளிது. வார்டு உறுப்பினராக, கிராமப் பஞ்சாயத்துத் தலைவராக இடஒதுக்கீட்டில் நூற்றுக்கணக்கான தலித் ஆண்களும் பெண்களும் வந்துவிட்டால், சட்டமன்ற உறுப்பினரின் வாசலில் கைகட்டி நிற்க ஆள் குறையும். சீட்டு வாங்காமலே தலைவரானவர்கள் உருவாகிவிடுவார்கள்.

ஆகவே இந்தப் பேருரையின் முடிவாக மூன்று வேலைகளை முன்வைக்கிறோம். உள்ளாட்சித் தேர்தலை நடத்தவைக்கும் இயக்கத்தைக் கட்சி பேதமின்றி நம் ஒவ்வொரு தெருவிலிருந்தும் தொடங்குவது. ஐந்து தனித்தொகுதிகளிலும் சிறப்புக்கூறு நிதி எங்கே போனது, வீட்டுமனைப் பட்டா எத்தனை என்று ஆண்டுக்கொருமுறை உறுப்பினரை அழைத்துப் பொதுவில் கணக்குக் கேட்பது. மாணவர்கள் அந்தக் கணக்கைத் திரட்டி எழுதுவது. எந்தக் கட்சியில் இருந்தாலும் நம் காரியத்துக்கு ஐவரும் ஒன்றாக அமர வேண்டும் என்ற நெருக்கடியை அவர்களுக்குக் கொடுக்க நம்மால் மட்டுமே முடியும்.

முன்னோர் 1881-இல் கையெழுத்திட்டது பழைய பெயரை விட. நாம் கையெழுத்து வாங்கக் கிளம்ப வேண்டியது உள்ளாட்சித் தேர்தல் மனுவுக்கு. மனு வாசலில் வைக்கப்பட்டிருக்கிறது. போகும்போது கையெழுத்திடுங்கள், உங்கள் தெருவுக்கு ஒரு படிவம் எடுத்துச் செல்லுங்கள்.