உண்டா, இயங்குகின்றதா?

(ஆண்டு விழாவில் நிகழ்த்திய பேச்சு)



மடுல்சீமைத் தோட்டங்களிலிருந்து கணினி பயிலும் இளைஞர் பலர் இச்சபையில் இருக்கின்றனர். நிரல் எழுதுங்கால் அவர்களுக்கு எதிர்ப்படும் சிறு வினா ஒன்றைப் பற்றிச் சில சொற்கள் கூற விரும்புகின்றோம்.

கணினியினுள்ளே, நாம் அழைக்காமலே பின்னணியில் தொழிற்படும் நிரல்கள் உண்டு. அவற்றைச் சேவைகள் என்பர். அச்சிட வேண்டியவற்றை வரிசைப்படுத்தி அச்சுப்பொறிக்கு அனுப்புவது அத்தகைய ஒரு சேவை. நம் நிரல் ஒரு சேவையை நாடுமுன், அது அக்கணினியில் உண்டா என்று பார்த்தல் வேண்டும்.

காலையில் பிரட்டுக்களத்தில் ஒருவர் நிற்கவில்லை. அதனால் செக்ரோலில் அவர் பெயரே இல்லையென்று கணக்கப்பிள்ளை சொல்வாரா? அவர் காய்ச்சலாய்ப் படுத்திருக்கலாம். பெயர் இருப்பது வேறு. வேலைக்கு வந்திருப்பது வேறு. விண்டோஸ் கணினியில் இல்லாத சேவையைத் திறக்கக் கேட்டால் 1060 என்னும் பிழை எண் வரும். இருந்தால் திறக்கும், பின்னர் நிலையைக் கேட்டால், நின்றிருப்பின் 1, இயங்கினால் 4 என விடை வரும். லினக்ஸில் சிஸ்டம்டி என்னும் மேலாளரிடம் நிலை கேட்டால், இயங்கினால் 0, நின்றிருப்பின் 3, சேவையே இல்லையெனில் 4. ஓரிடத்தில் 4 இயக்கம், மற்றோரிடத்தில் அதுவே இன்மை! நின்றிருப்பதை இல்லையென்று கொண்டு விண்டோஸில் மீண்டும் நிறுவ முயன்றால், 'ஏற்கெனவே உளது' என்னும் 1073 ஆம் பிழையே மிஞ்சும்.

அடுத்தது பெயர். வீட்டில் ஒரு பெயரும் செக்ரோலில் ஒரு பெயரும் உடையவர் நம்மிடையே பலர். சேவைக்கும் அப்படியே. விண்டோஸ் திரையில் 'பிரின்ட் ஸ்பூலர்' என்று தோன்றுவதன் பதிவுப் பெயர் 'ஸ்பூலர்' என்பதே. திரைப்பெயர் கணினியின் மொழிக்கேற்ப மாறக்கூடும். பதிவுப் பெயர் மாறாது. நிரல் பதிவுப் பெயரையே கேட்க வேண்டும்.

மூன்றாவதே முக்கியமானது. விண்டோஸில் 5 என்னும் பிழை வந்தால், பார்க்க அனுமதி இல்லை என்பது பொருள். செக்ரோல் அலுமாரியில் பூட்டியிருக்கின்றது, அவ்வளவே. பூட்டைக் கண்டு பெயர் இல்லையென்று எழுதலாமா? எப்பிழை வந்தாலும் 'இல்லை' என்று முடிவுகட்டும் நிரல், சம்பளக் கணக்கைப் பிரதியெடுக்கும் சேவையையும் இல்லையென்று தள்ளி மேற்செல்லும். வட்டு பழுதுபடும் நாளில் மாதக் கணக்கு முழுவதும் போய்விடுமன்றோ?

'இல்லை' என்னும் சொல்லின் பாரத்தை மலையகம் அறியும். இம்மண்ணிலே உழைத்து வாழ்ந்தும், 1948 ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் கேட்ட பத்திரங்களைக் காட்ட இயலாமல் நாடற்றவரானோர் எத்தனை பேர்! அவர்களுள் எஞ்சியோர் 2003 ஆம் ஆண்டுச் சட்டம் வரும்வரை காத்திருந்தனர்.

ஆதலால், இளைஞர்களே, உங்கள் நிரலில் மூன்று விடைகளுக்கு இடம் வையுங்கள்: உண்டு, இல்லை, அறியக்கூடவில்லை. மூன்றாவதை ஒருபோதும் இரண்டாவதன் கணக்கில் எழுதாதீர்கள்.