தொடைக் கொழுப்பும் உட்குரலும்

(புதுதில்லியில் மத்திய அரசு மகளிர் ஊழியர்களுக்கான மருத்துவ முகாம் ஒன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



பொருளாதாரமும் பெண்களின் உடல்நலமும் என்ற பொருள் பற்றிப் பேசுமாறு என்னைப் பணித்திருக்கிறார்கள். தலைப்பு மிகப் பெரிது. எனக்கு அளிக்கப்பட்ட நேரமோ சிறிது. ஆகவே, இங்கு அமர்ந்திருப்போரில் பலர் கண்ணாடி முன் நின்று கவலைப்பட்டிருக்கக்கூடிய ஒரு விஷயத்தை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். தொடையில் சேரும் கொழுப்பைப் பற்றித்தான் சொல்கிறேன். சிலர் சிரிக்கிறீர்கள். மூன்றாண்டுகளுக்கு முன் இப்படியொரு பேச்சைக் கேட்டிருந்தால் நானும் சிரித்திருப்பேன். வீட்டுக்குப் போய் இரகசியமாகக் காலைத் தூக்கிப் பயிற்சியும் செய்திருப்பேன்.

2019-21ஆம் ஆண்டுகளில் நடந்த ஐந்தாவது தேசியக் குடும்பநல ஆய்வின்படி, 15 முதல் 49 வயது வரையுள்ள இந்தியப் பெண்களில் 24 சதவீதத்தினர் அளவுக்கு மிஞ்சிய எடையுடையவர்கள். நகர்ப்புறத்தில் இது 33 சதவீதம். நாம் வாழும் தில்லியிலோ 41 சதவீதம். அதே ஆய்வு, அதே வயதுப் பெண்களில் 57 சதவீதத்தினர் இரத்தசோகை உடையவர்கள் என்றும் கூறுகிறது. இவ்விரண்டு எண்களையும் பெரும்பாலும் இருவேறு கூட்டங்களில், இருவேறு அதிகாரிகள் படிப்பது வழக்கம். பருமன் வசதியுள்ளோர் பிரச்சினை, சோகை வறியோர் பிரச்சினை என்று எண்ணுகிறோம். ஒரே பெண்ணின் உடலில் இரண்டும் குடியிருக்கக்கூடும் என்பதை நான் எனது சொந்த உடலிலிருந்தே கற்றுக்கொண்டேன்.

எனக்கு அப்பொழுது வயது 49. நாற்காலியில் அமர்ந்து கோப்புகள் பார்த்த இருபத்தைந்து ஆண்டுகளின் வரவு முழுவதும் இடுப்புக்குக் கீழே சேமிக்கப்பட்டிருந்தது. கோடையில் நடந்தால் தொடைகள் உராய்ந்து புண்ணாகும். உடலழகு நிலையம் ஒன்றில், தொடையைச் சுற்றிக் கட்டினால் அதிர்ந்து கொழுப்பைக் கரைக்கும் என்று ஒரு பட்டையை விற்றார்கள். பொருளாதாரத்தில் முதுகலைப் பட்டம் பெற்றவள் நான். விலையை இரண்டு முறை கேட்டேன், சான்றை ஒரு முறைகூடக் கேட்கவில்லை. அத்துடன் பக்கவாட்டில் படுத்துக் காலை உயர்த்தும் பயிற்சி, நாளொன்றுக்கு இருநூறு முறை. இரண்டு மாதம் சென்றபின் தையற்காரரின் நாடாவால் அளந்தேன். ஓர் அங்குலமும் குறையவில்லை.

ஏன் குறையவில்லை என்பதை நம்முடைய அலுவலக மொழியிலேயே சொல்லலாம். ஒரு மாவட்டத்தில் போடப்படும் தேசிய நெடுஞ்சாலைக்கான பணம் அந்த மாவட்டத்தில் வசூலான வரியிலிருந்து மட்டும் வருவதில்லை. மத்திய அரசின் வரி இந்தியத் தொகுப்பு நிதியில் சேர்கிறது. செலவு அங்கிருந்து ஒதுக்கப்படுகிறது. உடலும் அவ்வாறே. கொழுப்பு உயிரணுக்கள் தம் சேமிப்பை இரத்தத்தில் விடுகின்றன. உழைக்கும் தசை அதனை இரத்தத்திலிருந்து எடுத்துக்கொள்கிறது. தொடைத் தசை உழைக்கிறது என்பதற்காக அதன்மேல் படிந்த கொழுப்பே கரைய வேண்டும் என்ற விதி இல்லை. 1971ஆம் ஆண்டிலேயே டென்னிஸ் ஆட்டக்காரர்களை அளந்து பார்த்தார்கள். மட்டை பிடிக்கும் கை மற்றக் கையைவிடப் பருத்திருந்தது. ஆனால் தோலுக்கடியிலுள்ள கொழுப்பின் கனம் இரு கைகளிலும் ஏறத்தாழ ஒன்றாகவே இருந்தது. ஆண்டுக்கணக்கில் ஒரே கையால் ஆடியும் கிட்டாதது இரண்டு மாதத்துப் பட்டையால் எனக்கு எங்ஙனம் கிட்டும்?

கரையும் கொழுப்பு எங்கே போகிறது என்று ஒரு சகோதரி முன்பு என்னைக் கேட்டார். வியர்வையாகப் போகிறது என்பதே பொதுவான எண்ணம். உண்மையில் பத்துக் கிலோ கொழுப்பு குறைந்தால், அதில் ஏறக்குறைய எட்டரைக் கிலோ கரியமில வாயுவாக மூச்சுவழியே வெளியேறுகிறது, எஞ்சியது நீராகிறது. ஆகவே தொடையில் பிளாஸ்டிக் தாள் சுற்றிக்கொண்டு வியர்ப்பதால் சேலை நனையுமேயன்றி வேறு பலனில்லை.

இன்னொன்றையும் சொல்லவேண்டும். தொடைக் கொழுப்பு நாம் எண்ணுகிற அளவுக்குப் பகையன்று. வயிற்றுக்குள் உறுப்புகளைச் சூழ்ந்து சேரும் கொழுப்பே நீரிழிவுக்கும் இதயநோய்க்கும் நெருங்கிய உறவு. தொடையும் இடுப்பும் கொழுப்பை ஓரளவு பத்திரமாகப் பூட்டி வைக்கும் களஞ்சியங்கள். மாதவிடாய் நிற்கும் பருவத்தில் பெண்மைச் சுரப்பு குறைய, புதிய சேமிப்பு வயிற்றுப்பக்கம் திரும்புகிறது. நமது நாட்டுப் பெண்களுக்கு இடுப்புச் சுற்றளவு 80 சென்டிமீட்டரைத் தாண்டுவது எச்சரிக்கை என்பது மருத்துவர் கருத்து. நான் நாடாவைத் தவறான இடத்தில் சுற்றிக்கொண்டிருந்தேன்.

ஆயினும் தொடைக்குப் பயிற்சி வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. உடலின் மிகப்பெரிய தசைகள் தொடையிலும் புட்டத்திலும் உள்ளன. உணவு உண்டபின் இரத்தத்தில் ஏறும் சர்க்கரையை ஏற்றுக்கொள்வதில் அவற்றுக்குப் பெரும் பங்குண்டு. முதுமையில் விழாமல் நிற்பதும், தரையிலிருந்து கையூன்றாமல் எழுவதும் அவற்றின் தயவு. கொழுப்பைக் குறைப்பது நடையும் உணவுக் கட்டுப்பாடும். தொடைக்கு உருவமும் வலுவும் தருவது தசைப்பயிற்சி. உலக சுகாதார நிறுவனம் 2020இல் வகுத்த வழிகாட்டுதலும் இரண்டையும் கேட்கிறது: வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான உழைப்பு, இரண்டு நாளேனும் தசைப்பயிற்சி. நாற்காலியிலிருந்து கைகளைப் பயன்படுத்தாமல் பத்து முறை எழுந்து அமருங்கள். அதற்குக் கட்டணமில்லை, கோப்பு வரும்வரை காத்திருக்கும் நேரத்திலேயே செய்துவிடலாம். பிறகு மாடிப்படி. பிறகு, முழங்கால் இடங்கொடுத்தால், நம் பாட்டனார் காலத்துப் பஸ்கி.

இனி உட்குரலுக்கு வருகிறேன். என் கதையின் கசப்பான பகுதி இது.

பட்டையைத் தூக்கி எறிந்துவிட்டு நடக்கத் தொடங்கினேன். விடியற்காலை ஐந்தரை மணிக்கு லோதி தோட்டம். இரண்டாவது வாரத்திலிருந்தே உள்ளே ஒரு குரல், "களைப்பாயிருக்கிறது, இன்று வேண்டாம்" என்று சொல்லத் தொடங்கியது. நான் படித்த பொருளாதாரம் அந்தக் குரலுக்கு ஒரு பெயர் வைத்திருக்கிறது. நாளைய பெரு நன்மையைவிட இன்றைய சிறு சுகத்துக்கு மிகையான மதிப்புத் தருவது மனித இயல்பு. மனிதன் தன்னோடு தானே நடத்தும் இந்தப் பேரத்தைப் பற்றித் தாமஸ் ஷெல்லிங் என்ற அறிஞர் விரிவாக எழுதியிருக்கிறார். அவருக்கு 2005இல் நோபல் பரிசும் கிடைத்தது. ஆகவே என் களைப்பை நான் சோம்பல் என்று தீர்ப்பளித்தேன். படித்தவள் அல்லவா! குரல் எவ்வளவு உரக்கப் பேசியதோ, அவ்வளவு வேகமாக நடந்தேன். படியேறுகையில் மூச்சிரைத்தது, பருமன் காரணம் என்றேன். நெஞ்சு படபடத்தது, வயது என்றேன். இரவில் வேறொரு குரல், "உன்னால் ஒன்றையும் ஒழுங்காக முடிக்க இயலாது" என்று பழித்தது. அதை மட்டும் ஐயமின்றி நம்பினேன்.

ஆறு மாதம் இவ்வாறு கழிந்தது. ஒருநாள் அலுவலகப் படிக்கட்டில் கண் இருண்டு, கைப்பிடியைப் பற்றிக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். இரத்தத்தைச் சோதித்தார்கள். பெண்ணுக்குக் குறைந்தது 12 கிராம் இருக்கவேண்டிய ஹீமோகுளோபின் எனக்கு 8.2 இருந்தது. மாதவிடாய் நிற்கும் பருவத்தில் ஏற்பட்ட அதிகப் போக்கே காரணம். அதனையும் நான் எவரிடமும் சொன்னதில்லை. இந்த வயதில் எல்லோருக்கும் உள்ளதுதானே என்று எனக்கு நானே கோப்பை முடித்து வைத்திருந்தேன். ஆறு மாதமாக என்னுள் பேசிய களைப்பு, சோம்பலன்று. உண்மையான சாட்சி. நான் அதனைப் பொய்ச் சாட்சி என்று விரட்டியிருந்தேன்.

உள்ளிருந்து பேசுவதாலேயே ஒரு குரல் உண்மையாகிவிடாது; நமக்கு அசௌகரியமாயிருப்பதாலேயே பொய்யாகியும் விடாது. 1933 மே 8ஆம் நாள் தொடங்கிய 21 நாள் உண்ணாவிரதத்துக்கு உட்குரலே தூண்டுதல் என்று காந்தியடிகள் அறிவித்தார். அத்தகைய குரலைக் கேட்டதாக உரிமை கொண்டாடுவதற்கு நீண்டகால ஒழுக்கப் பயிற்சி வேண்டும் என்பதையும் அவர் வற்புறுத்தியிருக்கிறார். ஆதம் ஸ்மித் என்றால் நாமெல்லோரும் சந்தையை நினைக்கிறோம். 1776இன் அந்தப் பெரு நூலுக்குப் பதினேழு ஆண்டு முன்பே, 1759இல், மனிதனின் நெஞ்சுக்குள் அமர்ந்து அவன் செயல்களை மதிப்பிடும் ஒரு பாரபட்சமற்ற பார்வையாளரைப் பற்றி அவர் எழுதினார். என்னுள்ளும் ஒருவர் மதிப்பிட்டுக்கொண்டுதான் இருந்தார். பாரபட்சமற்றவராக மட்டும் இல்லை. என் தோழி ஒருத்தி அதே களைப்பைச் சொல்லியிருந்தால், மருத்துவரிடம் போ என்றிருப்பேன். எனக்குச் சொல்லவில்லை.

சிகிச்சை முடிந்தபின் ஒரு குறிப்பேடு வைத்தேன். காலையில் குரல் சொன்னதை ஒரு வரி, மாலையில் நடந்ததை ஒரு வரி. மூன்று மாதத்தில் சில விஷயங்கள் புலனாயின. சாக்குச் சொல்லும் குரலுக்குச் சூழ்நிலை மாறினாலும் பதில் மாறுவதில்லை: மழை என்றாலும் நாளை, வெயில் என்றாலும் நாளை. பத்து நிமிடம் நடந்தபின் அது பெரும்பாலும் அடங்கிவிடுகிறது. உண்மையான களைப்பு பத்து நிமிடத்தில் கூடுகிறது. வலியும் அப்படித்தான். புதிய பயிற்சிக்கு மறுநாளும் அடுத்த நாளும் தொடை முழுவதும் இழுத்துப் பிடித்தால் அது தசையின் வேலை, தானே தணியும். பயிற்சியின்போதே மூட்டில் ஓரிடத்தில் குத்தினால் நிறுத்தவேண்டும். நெஞ்சுவலிக்கும், ஒரு கால் மட்டும் வீங்குவதற்கும் குறிப்பேடு தேவையில்லை, உடனே மருத்துவர்தான். இரு கால்களும் சமமாகப் பருத்து, தொட்டால் நோவெடுத்து, பாதம் மட்டும் மெலிந்திருந்தால் அது லிப்பெடிமா என்ற தனி நோயாயிருக்கலாம். உணவையும் பயிற்சியையும் எளிதில் அது மதிப்பதில்லை. அத்தகைய சகோதரி தன்னை நொந்துகொள்வதில் நியாயமில்லை.

குளிர்காலத்தில் ஒருநாள் குரல், "வெளியே போகாதே, காற்று சரியில்லை" என்றது. வழக்கமான சாக்கு என்று எழுத இருந்தேன். காற்றுத்தரக் குறியீடு 400ஐத் தாண்டி, கடுமையான நிலை என்று அறிவிக்கப்பட்டிருந்தது. குரல் சொன்னது சரி. அன்று வீட்டுக்குள்ளேயே நாற்காலிப் பயிற்சி.

"நேரமில்லை" என்ற குரல்தான் எனக்கு இன்றும் தீர்ப்பளிக்கக் கடினமாயிருக்கிறது. 2024ஆம் ஆண்டின் நேரப் பயன்பாட்டு ஆய்வின்படி, ஊதியமில்லா வீட்டுவேலையில் ஈடுபடும் பெண்கள் அதற்கு நாளொன்றுக்கு 289 நிமிடம் செலவிடுகின்றனர். அவ்வேலையில் ஈடுபடும் ஆண்கள் 88 நிமிடம். நேரமில்லை என்று சொல்லும் பெண்ணிடம் மனவுறுதி போதாது என்று உபதேசிப்பது பெரும்பாலும் அநீதி. அங்கே மாறவேண்டியது அவளது உட்குரலன்று, வீட்டின் வேலைப் பங்கீடு. என் கணவர் இப்பொழுது காலைச் சமையலைக் கவனிக்கிறார். சட்னியில் உப்பு சற்றுக் கூடுதல். நான் அதுபற்றி உட்குரலோடு நிறுத்திக்கொள்கிறேன்.

இரவில் பழிக்கும் குரல் இன்னும் போய்விடவில்லை. அதன்கீழ் மாலை வரியை எழுதிப் பார்த்ததில், அது கூறிய எதுவும் இதுவரை மெய்ப்படவில்லை என்று கணக்கு காட்டுகிறது. அதனை நான் வாதிட்டு வெல்ல முயல்வதில்லை. எழுதிவிட்டு உறங்கச் செல்கிறேன்.

தொடை என்னவாயிற்று என்று கேட்பீர்கள். பதினான்கு மாதத்தில் மூன்று சென்டிமீட்டர் குறைந்தது, இடுப்பில் ஏழு. உராய்வு முற்றிலும் நீங்கவில்லை. நான்காம் மாடிக்கு நிற்காமல் ஏறுகிறேன். ஹீமோகுளோபின் 12.4.

அடுத்த அறையில் இரத்தம் எடுத்துச் சோதிக்க ஏற்பாடு செய்திருக்கிறார்கள். மாலை நான்கு மணிக்கு மூடிவிடுவார்கள்; இப்பொழுது மூன்றே காலாகிறது. கேள்விகளை அங்கே வரிசையில் நிற்கும்போது கேளுங்கள். நானும் வருகிறேன்.