நம் வீட்டுக் கூழ்



வெள்ளி விழா மேடையில் கல்வியைப் பற்றிப் பேசுவதே மரபு. நானோ கூழைப் பற்றிப் பேச வந்துள்ளேன். உயர்நிலைப் பள்ளியில் படித்த நாளில் தூக்குவாளியில் கூழ் கொண்டுபோய், எவர் கண்ணிலும் படாமல் கிணற்றடிச் சுவருக்குப் பின்னால் நின்று குடித்தவன் நான். ஒருநாள் உடன் படித்தவன் கண்டுவிட்டு, வகுப்பறிய உரக்கச் சொல்லிச் சிரித்தான். அன்று மாலை, இனிக் கூழ் வேண்டாமென்று தாயார் முன் வாளியை வீசினேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. வாளியில் விழுந்த ஒடுக்கு மட்டும் கடைசிவரை நிமிரவில்லை.

கேழ்வரகு முதலில் பயிரானது கிழக்கு ஆப்பிரிக்காவில், இன்றைய எத்தியோப்பியா, உகாண்டா மேட்டு நிலங்களில். பண்டைக் காலத்திலேயே கடல் கடந்து வந்து, நீர் குறைந்த நம் மேட்டுக் காடுகளில் வேரூன்றியது. ஆனால் அது நம் குடிசைக்கு வந்த வழி வேறு. பழைய செங்கல்பட்டு மாவட்டத்தில் நம் முன்னோர் படியாட்களாக உழைத்தனர். கூலியோ படியால் அளந்த தானியம். நெல்லை விளைவித்தது நம் கை. நல்லரிசியை உண்டது வேறு வாய். அம்மாவட்டக் கலெக்டர் டிரமன்ஹீர் 1891இல் நம் மக்களின் அவல நிலையை அறிக்கையாக எழுதினார். 1892இல் பஞ்சமி நில ஆணை அதன் வழியாகவே பிறந்தது. ஆகவே, கூழைப் புகழ்கிறோம் என்று பசியைப் புகழ்ந்துவிடலாகாது. சோறு விசேஷ நாளுக்கு மட்டும் என்றிருந்த வீட்டில் பிறந்தவனுக்கு அந்த வேறுபாடு தெரியும்.

எனினும், கிடைத்த நொய்யையும் கேழ்வரகையும் கொண்டு நம் தாய்மார் ஆற்றியது பெரிய கைத்திறன். கேழ்வரகு மாவைக் கட்டியின்றிக் கரைத்து, மண்சட்டியில் ஓரிரவு புளிக்க விடுவர். மறுநாள் நொய்யைத் தாராளமாக நீர்விட்டுக் குழைய வேகவைத்து, புளித்த மாவை ஊற்றித் துடுப்பால் கைவிடாது கிண்டுவர். சற்று ஓய்ந்தால் அடிபிடிக்கும். நனைத்த விரலால் தொட்டால் ஒட்டக் கூடாது, அதுவே பதம். ஆறவைத்து, மீண்டும் ஓரிரவு கழித்து, உப்பும் நீரும் சேர்த்துக் கையால் கரைப்பர். மோர் இருந்தால் மோர். துணைக்குச் சுட்ட கருவாடு, சின்ன வெங்காயம், முருங்கைக்கீரை. மாட்டிறைச்சி வாங்கிய வாரமாயின் உப்பும் மஞ்சளும் தடவிக் கயிற்றில் கோத்து உலர்த்திய உப்புக்கண்டம்.

இதைச் சொன்னதும் சில இளைஞர்கள் தலைகுனிவதைக் காண்கிறேன். 2022 மே மாதம் ஆம்பூரில் நடக்கவிருந்த பிரியாணித் திருவிழாவில் மாட்டிறைச்சிப் பிரியாணிக்கு இடமில்லை என்றபோது, தலைகுனியாதவர்கள் எதிர்த்துக் கேட்டார்கள். ஆதிதிராவிடர், பழங்குடியினர் ஆணையமும் விளக்கம் கேட்டது. விழா தள்ளிவைக்கப்பட்டது.

நூறு கிராம் கேழ்வரகில் 300 மில்லிகிராமுக்கு மேல் சுண்ணாம்புச் சத்து உண்டு. தீட்டிய அரிசியில் அதன் சிறு பகுதிகூட இல்லை. புளிக்க வைப்பதால் அச்சத்து உடலில் எளிதாகச் சேர்கிறது. ஐக்கிய நாடுகள் அவை 2023ஆம் ஆண்டைச் சிறுதானிய ஆண்டாகக் கொண்டாடியது. நான் சுவருக்குப் பின்னால் குடித்ததைத்தான் இன்று கடைகளில் கண்ணாடிக் குவளையில் ஊற்றி விற்கிறார்கள்!

அண்மையில் தாயாரிடம் மாவு எவ்வளவு, நொய் எவ்வளவு என்று கேட்டேன். “அளவு என்னடா அளவு? சட்டியைப் பார்த்தால் தெரியாதா?” என்றார். எனக்குத் தெரியவில்லை. நான் பி.ஏ., பி.எட். அவர் பள்ளி வாசல் மிதியாதவர்.

சேக்காட்டு இளைஞர்களே, வரும் ஆடி மாதம் குறிப்பேட்டுடன் உங்கள் பாட்டியர் அடுப்பருகே அமருங்கள். அளந்து எழுதுங்கள், எதையும் மறைத்து எழுதாதீர்கள். சங்கம் அதை அச்சிட வேண்டுமெனக் கேட்டுக்கொள்கிறேன். முதல் பக்கத்தை நான் எழுதித் தருகிறேன்.